வேஸ்ட்டுன்னு யாரைச் சொன்னீங்க?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லப் போறதில்லை. உண்மையில ஆணி கம்மியாயிடுச்சு. அதுக்குக் காரணமும் நானேதான். அந்தக் கதையில ஆரம்பிச்சு ஜப்பான் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க கம்பெனியில போன வருஷம் "லீன்" புகுந்துச்சு. கோட் போட்ட ரெண்டு பேர் வந்து ரெண்டு நாள் வகுப்பெடுத்தாங்க. சுவர்ல பெரிய போர்டு, அதுல மஞ்சள், பச்சை, ரோஸ் கலர்ல ஒட்டுச் சீட்டு. "முடா"ன்னு ஒரு ஜப்பானிய வார்த்தை சொல்லிக் கொடுத்தாங்க. வீண், வேஸ்ட்னு அர்த்தம். உங்க டீம்ல இருக்குற முடாவைக் கண்டுபிடிங்கன்னாங்க. எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிச்சது, ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னாடியும் மூணு நாள் கையாலயே நடக்குற டெஸ்டிங். அதை ஸ்கிரிப்ட் எழுதி தானா ஓட வைக்கிற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு.

ரெண்டு மாசம் ராப்பகலா பொட்டி தட்டினேன். மூணு நாள் வேலை நாலு மணி நேரமா ஆச்சு. கைதட்டல், லேமினேட் பண்ணின சான்றிதழ், டேமேஜர் வாயால ரெண்டு நல்ல வார்த்தை. எல்லாம் கிடைச்சுது.

அதுக்கு அடுத்த மாசம், அந்த டெஸ்டிங்கைப் பார்த்துக்கிட்டிருந்த அக்காவுக்குச் சீட்டு கிழிஞ்சுது.

ஒன்பது வருஷம் அங்கே இருந்தவங்க. நான் சேர்ந்த புதுசுல, "ஓடுற எடத்தைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க தம்பி. எங்க ஒடையும்னு யோசி"ன்னு சொல்லிக் கொடுத்தவங்க. போற அன்னிக்குக்கூட கோவமா ஒரு வார்த்தை பேசலை. "ஸ்கிரிப்ட் நல்லா எழுதியிருக்கே. மாசக் கடைசித் தேதி கேஸ் ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு, சேர்த்துடு"ன்னு சொல்லிட்டுப் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

போர்டுல முடான்னு நாங்க எழுதினது மூணு நாள் வேலையை. வெளிய அனுப்பினது ஒரு ஆளை. ரெண்டும் ஒண்ணுதானா? இதைக் கண்டுபிடிச்சவங்களே இப்படித்தான் சொன்னாங்களா? மனசு ஆறாம, டொயோட்டாவோட பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல இருந்து கொஞ்சம் இங்கே.

தறியிலிருந்து

கதை காரில் ஆரம்பிக்கவில்லை. தறியில் ஆரம்பிக்கிறது. சகிச்சி டொயோடா (1867–1930) ஒரு தச்சரின் மகன். 1891ல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு வாழ்க்கை முழுக்கத் தறிதான். 1924ல் வந்த ஜி வகைத் தானியங்கித் தறி அவருடைய பெரிய சாதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றிக்கொள்ளும். பாவு நூல் ஒன்று அறுந்தால் தானே நின்றுவிடும்.

இந்த "தானே நின்றுவிடும்" என்பதில்தான் விஷயமே இருக்கு. நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால், நெய்ததெல்லாம் பாழ். அதைத் தடுக்க ஒவ்வொரு தறி முன்னாலயும் ஒரு ஆள் கண்கொத்திப் பாம்பா நிக்கணும். தறியே நின்றுவிட்டால் அந்தக் காவல் வேலை தேவையில்லை. ஒருவரே நிறைய தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் ஓல்டாம் நகரத்தின் பிளாட் பிரதர்ஸ், அந்தக் காலத்தில் நெசவு இயந்திரத்தில் கொடிகட்டிப் பறந்த கம்பெனி. அவர்களே 1929ல் இந்தத் தறியின் உரிமைக்கு 1 லட்சம் பவுண்டு தர ஒப்பந்தம் போட்டார்கள்.

இந்தக் கருத்துக்கு டொயோட்டாவில் "ஜிடோகா" என்று பெயர். தானியங்கி என்பதற்கான ஜப்பானிய வார்த்தைதான், ஆனால் எழுதும்போது ஒரு சின்ன மாற்றம். "இயக்கம்" என்ற எழுத்தின் பக்கத்தில் "மனிதன்" என்ற குறியைச் சேர்ப்பார்கள். சேர்த்தால் அந்த எழுத்து "உழைப்பு" ஆகிவிடும். ஆக, அவங்க எழுதுற தானியங்கியில ஒரு மனுஷன் ஓரமா நிக்கிறான். என் ஸ்கிரிப்ட்ல அப்படி யாரும் இல்லை.

1950: அந்தக் கோடை

சகிச்சியின் மகன் கீச்சிரோ (1894–1952) நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்ச பார்ட்டி. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல். 1933ல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார். 1937ல் அது தனிக் கம்பெனி ஆனது. 1938ல் கொரோமோ என்ற ஊரில் தொழிற்சாலை. அந்த ஊர்தான் 1959ல் டொயோட்டா நகரம் என்று பெயர் மாறியது. தேவையான பொருள், தேவையான அளவு, தேவையான நேரத்துக்கு வந்தால் போதும், "ஜஸ்ட் இன் டைம்" என்று கீச்சிரோ சொன்னது இந்தத் தொழிற்சாலை சம்பந்தமாகத்தான். ஆனால் போர் வந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டது.

போர் முடிந்து 1949. ஜப்பானில் விலைவாசி கட்டுக்கு அடங்காமல் ஏற, அதை அடக்க டெட்ராய்ட்டில் இருந்து ஜோசப் டாட்ஜ் என்ற வங்கிக்காரர் வந்தார். அரசு செலவை வெட்டினார், கடனை இறுக்கினார். விலைவாசி அடங்கியது. கூடவே வியாபாரமும் படுத்துவிட்டது. தவணையில் லாரி வாங்கியவர்களிடம் இருந்து பணம் வரவில்லை. டொயோட்டாவிடம் சம்பளம் கொடுக்கவே காசில்லை. ஜப்பான் மத்திய வங்கியின் நகோயா கிளை முன்னின்று பல வங்கிகளைச் சேர்த்துக் கடன் ஏற்பாடு செய்தது. கடனோடு நிபந்தனைகளும் வந்தன. விற்பனைக்குத் தனிக் கம்பெனி வேண்டும், விற்கிற அளவுக்கு மேல் தயாரிக்கக் கூடாது, ஆள் அதிகம், குறைக்கணும்.

கீச்சிரோ ஏற்கனவே தொழிற்சங்கத்திடம் வாக்குக் கொடுத்திருந்தார். சம்பளத்தை 10 சதவீதம் குறைச்சுக்கிறோம், ஆனா யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம்னு. 1950 ஏப்ரலில் அந்த வாக்கு உடைந்தது. 1,600 பேர் விருப்ப ஓய்வில் போகணும்னு கம்பெனி அறிவித்தது. வேலைநிறுத்தம், ஊர்வலம், பேச்சுவார்த்தை என்று இரண்டு மாசம் ஓடியது. ஜூன் 5ம் தேதி கீச்சிரோ பதவி விலகினார். ஆளைக் குறைக்காம கம்பெனியைக் காப்பாத்த முடியலை, அப்ப முதல்ல போக வேண்டியது நான்னு தலைவரே போயிட்டார். ஜூன் 10ல் தகராறு முடிந்தது. கடைசியில் வெளியேறியவர்கள் 2,146 பேர். எட்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த இடத்தில் ஆறாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவாக மிஞ்சினார்கள்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் விதியோட விளையாட்டு. கீச்சிரோ விலகின இருபதாவது நாள், ஜூன் 25, கொரியப் போர் வெடிச்சுது. அமெரிக்க ராணுவம் ஜூலையில் 1,000 லாரி கேட்டு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக 4,679 லாரிகள். கம்பெனி பிழைத்துவிட்டது. அனுப்பப்பட்ட அந்த 2,146 பேரும், கீச்சிரோவும் வெளியே. 1952ல் அவரைத் திரும்பத் தலைவராக்க முடிவு செய்து கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே அந்த மார்ச்சில் இறந்துபோனார். வயது 57.

ஓனோ என்ற முரட்டு ஆசாமி

இப்போ நம்ம நாயகன் வர்றார். தாயிச்சி ஓனோ (1912–1990). டொயோடா நூற்பு நெசவு ஆலையில் 1932ல் சேர்ந்தவர். 1943ல் கார் பக்கம் வந்தார். நெசவுக்காரர் கண்ணோடு கார் தொழிற்சாலையைப் பார்த்தால், ஒரு இயந்திரத்துக்கு ஒரு ஆள் நிற்கிறார். இயந்திரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஆள் வேடிக்கை பார்க்கிறார். ஒரு அமெரிக்கத் தொழிலாளி செய்வதைச் செய்ய ஒன்பது ஜப்பானியர் வேண்டும் என்று அப்போது ஒரு பேச்சு. அமெரிக்கன் என்ன ஒன்பது மடங்கு பலசாலியா? நாமதான் எதையோ வீணாக்குறோம் என்று ஓனோ யோசித்தார். 1947ல் ஒரு ஆளுக்கு இரண்டு இயந்திரம் என்று மாற்றினார். அப்புறம் மூன்று, நான்கு. தொழிலாளர்கள் முறைத்தார்கள். முறைக்காம?

1950க்குப் பிறகு நிலைமை வேறு. ஆர்டர் குவியுது, ஆளோ குறைவு. இன்னொரு 1950 வந்துவிடுமோ என்ற பயத்தில் புதிதாக ஆள் சேர்க்கவும் தயக்கம். கையில பணம் இல்லை, கிடங்குல சரக்கு வாங்கிக் குவிக்க வழியில்லை. ஃபோர்டு மாதிரி ஒரே காரை லட்சக்கணக்கில் செய்ய ஜப்பானில் வாங்க ஆள் இல்லை. இத்தனை இல்லைகளுக்கு நடுவில்தான் அந்த முறை உருவானது.

அமெரிக்க சூப்பர் மார்க்கெட் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் ஓனோ. வாடிக்கையாளர் அலமாரியில் இருந்து வேண்டியதை எடுப்பார், எடுத்த அளவுக்குத்தான் கடைக்காரர் மறுபடி நிரப்புவார். இதை 1953ல் தன் பட்டறையில் கொண்டுவந்தார். அடுத்த பிரிவு வாடிக்கையாளர், முந்தைய பிரிவு கடை. எதை எடுத்தார்கள் என்று சொல்ல ஒரு அட்டை, அதுதான் "கன்பன்". அட்டை வராமல் ஒரு நட்டுகூடச் செய்யக் கூடாது. வேடிக்கை என்னன்னா, அமெரிக்கா போய் அந்தக் கடையை அவர் நேர்ல பார்த்தது 1956லதான். கன்பன் கம்பெனி முழுக்கப் பரவ 1960களின் தொடக்கம் ஆனது. நாம பந்தாவா சுவர்ல ஒட்டி வச்சிருக்கிற கலர் சீட்டுக்குத் தாத்தா அந்த அட்டைதான்.

ஓனோ பட்டியல் போட்ட வீண்கள் ஏழு: தேவைக்கு மேல் தயாரிப்பது, காத்திருப்பது, பொருளை இங்கும் அங்கும் சுமப்பது, தேவையில்லாத வேலைப்பாடு, குவிந்த சரக்கு, வீண் அசைவு, குறையுள்ள பொருள். நல்லா ஒருதடவை திரும்பப் படிச்சுப் பாருங்க. ஏழுல ஒண்ணுகூட "மனுஷன்" இல்லை. மனுஷனோட நேரத்தைத் தின்கிற சமாச்சாரங்கள்தான் ஏழும்.

அதற்காக ஓனோவை மகாத்மா ஆக்க வேண்டாம். ஒரு வரிசையில் பத்து பேர் செய்வதை ஒன்பது பேர் செய்ய முடியுமா என்று ஓயாமல் நோண்டிய மனிதர் அவர். ஆனால் அந்தப் பத்தாவது ஆள் என்ன ஆவார் என்பதில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையில் இருந்து எடுப்பது மட்டமான ஆளை இல்லை, இருப்பதிலேயே கெட்டிக்காரரை. அவரை அடுத்த வரிசையைச் சீர்படுத்த அனுப்புவார்கள். 1962ல் நிர்வாகமும் சங்கமும் பரஸ்பர நம்பிக்கையைப் பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. காரணம் ரொம்ப எளிது. "இந்த வேலையில பாதி வீண்"னு கண்டுபிடிச்சுச் சொல்லக்கூடியவர் அந்த வேலையைச் செய்றவர்தான். சொன்னா தன் வேலை போகும்னா எந்த முட்டாள் சொல்லுவான்?

"லீன்" என்ற பெயர்

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை. தரம் மட்டம், எந்த நாளும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார் என்று பேர் கெட்டது. 1982ல் மூடிவிட்டார்கள். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து 1984ல் அதே கட்டடத்தை நம்மி என்ற பெயரில் திறந்தார்கள். எடுத்ததும் பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களைத்தான். முறை மட்டும் டொயோட்டா முறை. தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். கொஞ்ச நாளில் தரம் ஜப்பானுக்கு நிகராக வந்தது.

அசல் பரீட்சை 1988 வாக்கில் வந்தது. கார் விற்பனை படுத்து, தொழிற்சாலை அதன் திறனில் 60 சதவீத அளவுக்குத்தான் ஓடியது. மற்ற கம்பெனியாக இருந்தால் அன்றைக்கே சீட்டு கிழிஞ்சிருக்கும். நம்மியில் யாரையும் அனுப்பவில்லை. மிஞ்சிய ஆட்களைப் பயிற்சிக்கும் சீர்திருத்த வேலைகளுக்கும் திருப்பினார்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று சங்கத்திடம் எழுதிக் கொடுத்ததைக் காப்பாற்றினார்கள். (நம்மி 2010ல் மூடப்பட்டது. கட்டடத்தை டெஸ்லா வாங்கியது.)

அந்த நம்மியில் வேலை பார்த்த ஜான் கிராப்சிக் என்ற இளம் இன்ஜினியர், பிறகு எம்ஐடி ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து 1988ல் எழுதின கட்டுரையில்தான் "லீன்" என்ற பெயர் பிறந்தது. அப்போது அவரும் இருபதுகளின் கடைசிப் பக்கம். நம்ம வயசு! பின்னாளில் கூகுள் குழுமத்தின் ஓட்டுநர் இல்லாத கார் கம்பெனி வேமோவுக்குத் தலைவராக இருந்ததும் இவர்தான். 1990ல் வோமேக், ஜோன்ஸ், ரூஸ் மூவரும் எழுதிய புத்தகம் அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2003ல் மேரி, டாம் பாப்பெண்டிக் தம்பதி அதை மென்பொருளுக்கும் இழுத்துவந்து புத்தகம் போட்டார்கள்.

ஒரு சுவாரஸ்யம். அந்த ஆராய்ச்சி வட்டாரத்தில் அதற்கு முன்னால் புழங்கிய சொல் "லீன்" இல்லை, "எளிதில் உடையக்கூடியது". கிடங்கில் சரக்கு இல்லை, உபரி ஆள் இல்லை, அதனால் எல்லாமே மனிதர்களின் கவனத்தை நம்பி நிற்கிறது என்ற பொருளில். அந்தப் பேரே இருந்திருந்தா எத்தனை கம்பெனி வாங்கிப் போட்டிருக்கும்னு நினைக்கிறீங்க? :-)

உடையும் என்பதற்குச் சாட்சி 1997. பிப்ரவரி 1ம் தேதி அய்சின் கம்பெனியில் தீ. பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு, டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுக்க அங்கிருந்துதான் வந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்கு. ஜப்பான் முழுக்க டொயோட்டா வரிசைகள் நின்றன. ஆனால் ஒரு வாரம் போல ஆனதும் மறுபடி ஓடின. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனி உட்பட பல கம்பெனிகள் தங்கள் பட்டறைகளில் அந்த வால்வைச் செய்து கொடுத்தன. சரக்கு இல்லாத இடத்தில் காப்பாற்றியது ஆட்களும் உறவுகளும். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா இன்னொரு பாடமும் கற்றது. சில்லு மாதிரி கிடைப்பதற்கரிய பொருளை மட்டும் மாசக்கணக்கில் கையிருப்பு வைக்கச் சொன்னது. 2021 சில்லுப் பஞ்சத்தில் மற்ற பல கம்பெனிகளைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்க அது உதவியது. எது வீண், எது காப்பு என்பதைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நாணயத்தின் பின்பக்கம்

இதோடு நிறுத்தினால் டொயோட்டா விளம்பரம் மாதிரி ஆயிடும். 1972ல் சதோஷி கமாதா என்ற பத்திரிகையாளர் தற்காலிகத் தொழிலாளியாக அங்கே சேர்ந்தார். ஓயாத வேகம், உடம்பு வலி, நடுவில் ஓடிப்போகும் சக தொழிலாளிகள் என்று ஆறு மாசம் பட்டதைப் புத்தகமாக எழுதினார். 2007ல் நகோயா நீதிமன்றம், டொயோட்டா ஊழியர் ஒருவரின் மரணம் அதிக வேலையால் நேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. வேலை உத்தரவாதம் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். 2008–09 நெருக்கடியில் தற்காலிகத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குறைக்கப்பட்டார்கள். ஒரு பக்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, இன்னொரு பக்கம் வாக்கே கொடுக்கப்படாத ஒரு கூட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

இவ்வளவையும் படிச்சு எனக்குப் புரிஞ்சது இதுதான். முடாவை ஒழிக்கிற முறை, ஒரு வாக்குறுதி மேல நிக்குது. "நீ மிச்சம் பண்ணின நேரம் உனக்கு எதிரா திரும்பாது." 1950ல் அந்த வாக்கை உடைச்சு, அதுக்கு விலை கொடுத்து, அப்புறம் பாதியாவது திரும்பக் கட்டினாங்க. நாம அட்டையையும் போர்டையும் ஜப்பானியப் பேர்களையும் மட்டும் கப்பல்ல ஏத்தி இறக்கிக்கிட்டோம். வாக்குறுதி துறைமுகத்துலயே நின்னுபோச்சு.

போன வாரம் டீம் மீட்டிங்ல போர்டுல புதுசா ஒரு பத்தி போட்டேன். தலைப்பு: "மிச்சமான நேரம் எங்கே போகுது?" டேமேஜர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பார்க்கலாம்"னார். இன்னும் காலியாத்தான் இருக்கு. பக்கத்து சீட் பையன் ஒருத்தன் மட்டும் என்கிட்ட ரகசியமா, "அண்ணா, என்கிட்டயும் ரெண்டு நாள் வேலை ஒண்ணு இருக்கு, ஒரு மணி நேரத்துல முடிக்கலாம். சொல்லட்டுமா வேணாமா?"ன்னு கேட்டான். ஓனோ இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ. "இப்போதைக்குச் சொல்லாதே"ன்னுதான் நான் சொன்னேன்.

அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். நாலு மாசம் கழிச்சு வேற எடத்துல வேலை கிடைச்சிருக்கு, சம்பளம் கொஞ்சம் கம்மி. ஃப்ரீமான்ட் கதையை முழுசாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. கடைசியில, "அது இருக்கட்டும். அந்த மாசக் கடைசி கேஸைச் சேர்த்தியா?"ன்னாங்க.

சேர்த்திருந்தேன். அடுத்த 31ம் தேதியே ஒரு பிழையைப் பிடிச்சுது. விட்டிருந்தா வாடிக்கையாளர்களுக்கு பில் ரெண்டு தடவை போயிருக்கும். அதைச் சொன்னப்ப அந்தப் பக்கம் ஒரு சின்ன சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

டிஸ்கி: உங்க ஆபீஸ்லயும் போர்டு, கலர் சீட்டு எல்லாம் உண்டா? அதுல மிச்சமான நேரத்தை என்ன பண்ணினாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், பொழப்பைப் பார்க்கணும்ல :-)